பன்னிரண்டு சென்ட்

எங்கள் வீட்டில் 'நஷ்டம்' என்ற சொல்லுக்குத் தடை. அப்பா நெவில் பாஸ்கோ இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு லித்தியம் சுரங்கக் கம்பெனியில் பத்தாயிரம் பங்குகள் வாங்கினார், ஒரு பங்கு ஒரு டாலர் தொண்ணூறு சென்ட். இப்போது விலை பதினொரு சென்ட். கேட்டால், "தூங்குது" என்பார்.

இந்த ஜூனில் ஹீட்டரும் தூங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஜூன்தான் குளிர்காலம்; எங்கள் ஊர் பாலரட்டின் குளிரில் அம்மா கிளெனிஸ் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்று ஆட்டுச் சாப்ஸ் பொரித்தாள். புது ஹீட்டர் மூவாயிரம் டாலர்.

மூவாயிரம் இருந்தது, ஆனால் வரிக்கு ஒதுக்கியது. பிப்ரவரியில் அப்பா வங்கிப் பங்குகளை நல்ல லாபத்துக்கு விற்றிருந்தார். பணம் கூரை மாற்றுவதில் போய்விட்டது. லாபத்துக்கான வரி மட்டும் காத்திருந்தது. கணக்காளர் ரோஸ்லின் போனில் தெளிவாகச் சொன்னாள்: ஜூன் முப்பதோடு வரி வருடம் முடிகிறது, அதற்குள் லித்தியத்தை விற்றால் அந்த நஷ்டம் இந்த லாபத்தில் கழியும், வரியில் மூவாயிரம் மிஞ்சும். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே சந்தைக்குக் கடைசி நாள் வெள்ளி.

"லாபம் வந்தா மட்டும் அரசாங்கம் பங்கு கேட்டு வந்து உக்காருது. கீழ போறப்ப எவனாவது எட்டிப் பாத்தானா?"

"பாப்பாங்கப்பா. நீங்க வித்தாத்தான் பாப்பாங்க," என்றேன். நான் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. வீட்டில் என் பேச்சுக்கு வானிலை அறிக்கைக்கு உள்ள மரியாதை உண்டு.

"விக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் போகலடா."

"எனக்கு மூக்கு போயிடுச்சு, நெவில்," என்றாள் அம்மா. "தொட்டாக்கூட தெரியல."

வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு, சந்தை மூடப் பத்து நிமிடம் இருக்கையில், அம்மா கரண்டியோடு பின்னால் வந்து நின்றாள். அப்பா எதையோ தட்டினார். மடிக்கணினியைப் படாரென்று மூடினார்.

"போட்டாச்சு. இப்ப சந்தோஷமா?"

அம்மா உடனே ஹீட்டர்காரனை அழைத்து, திங்கட்கிழமை வரச் சொன்னாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் அப்பா துக்க வீட்டு முகத்தோடு டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சந்தேகத்தில் திறந்து பார்த்தேன். விற்பனை இன்னும் காத்திருந்தது.

"அப்பா, சந்தையில பதினொண்ணு. நீங்க பன்னெண்டு வந்தாத்தான் விக்கணும்னு போட்டிருக்கீங்க."

"பதினொண்ணுக்கு ஏமாளிதான் விப்பான்."

"ஒரு சென்ட்டுப்பா! மொத்தமே நூறு டாலர்!"

"நூறு டாலர் உனக்கு சும்மா வருதா?"

நூறு டாலரை விட மனசில்லாமல் மூவாயிரத்தை விட்டிருந்தார். அம்மா ஹீட்டர்காரனை அழைத்து, வர வேண்டாம் என்றாள்.

திங்கள், ஜூலை ஒன்று. காலை பதினொரு மணிக்கு விலை பன்னிரண்டு சென்ட்டைத் தொட்டது. பத்தாயிரமும் விற்றுப் போனது.

"பாத்தியா! பன்னெண்டு! நான் சொன்னேனா இல்லையா?" அப்பா சமையலறையில் குதித்தார். சமீபத்தில் அந்த அறையில் உடம்பு சூடான ஒரே மனிதர் அவர்தான்.

ரோஸ்லினுக்கும் போன் போட்டுப் பெருமையடித்தார். "வாழ்த்துகள் நெவில்," என்றாள் அவள். "ஆனா அது இப்ப புது வருஷக் கணக்கு. பழைய வரியில ஒரு டாலர்கூட குறையாது. அடுத்த லாபம் வர்ற வரைக்கும் நஷ்டத்தைப் பத்திரமா வச்சிருங்க."

லாபம் வருவதற்கு எங்களிடம் வேறு பங்கே கிடையாது.

விற்ற ஆயிரத்து இருநூறு டாலர் கூட்டுக் கணக்கில் வந்து விழுந்த அன்றே அம்மா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அந்தப் பணத்துக்கு ஒரே ஓர் அறையைச் சூடாக்கும் ஹீட்டர்தான் கிடைத்தது. அதைத் தன் தையல் அறையில் மாட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

அப்பா கோட்டோடு போய்க் கதவைத் தட்டினார். "கிளெனிஸ், வெளிய ரொம்பக் குளிருது."

"கோட்டைக் கழட்டாத வரைக்கும் உனக்குக் குளிரே இல்ல, நெவில்."