பட்டிப்பூவுக்கு ஒரு நேர்ச்சை

என் மனுசன் செய்னுலாப்தீன் நல்ல செய்தி கேட்டால் முதலில் கத்தியைத் தீட்டுவார், பிறகுதான் விவரம் கேட்பார். மகள் ஜுமானா கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து போன் எடுத்து, ஈஸ்ட் ஆராய்ச்சி சரிவந்துவிட்டது என்றாள். மறுநாளே கடாவை அறுத்துவிட்டார். பாண் மாவைப் பொங்கவைக்கிற அந்த ஈஸ்ட், மகள் கையில் புற்றுநோய் மருந்தைத் தந்தால் எங்கள் கனமூலை ஊருக்கே சோறு கொடுப்பதாக நேர்ந்திருந்தார்.

அந்த மருந்து, நித்தியகல்யாணி என்கிற பட்டிப்பூ இலையில் இருப்பது. எங்கள் காணி முழுக்கப் பட்டிப்பூதான். காயவைத்த இலையை ஒரு கம்பனி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும். ஈஸ்ட் என்றால் மாவு வேண்டும், மகளுடைய ஈஸ்டுக்குத் தன்னுடைய இலைதான் மாவு என்று மனுசன் மனக்கோட்டை கட்டியிருந்தார். தன் தம்பி நளீமின் காணியையும் குத்தகைக்கு எடுத்து நடப்போவதாக ஊரெல்லாம் ஒரே கதை.

விருந்தன்று குசினியில், இரவு பஸ்ஸில் வந்திறங்கிய ஜுமானா வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்கு அவ்வளவு கண்ணீர் வராது. என்னவென்று அதட்டினேன். பூவின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்தாயிற்றாம். இனிச் சீனித்தண்ணீர் கொடுத்தால் அதுவே மருந்து செய்யுமாம். சில வருஷத்தில் இலை வாங்க ஆளே இருக்காதாம். எத்தனையோ தடவை வாப்பாவிடம் சொன்னாளாம், அவர் காதில் ஏறியது பட்டிப்பூ என்ற சொல் மட்டும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர் வயிற்றில் அடிக்கவா படித்தாய் என்று கேட்டேவிட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

முற்றத்தில் ஆண்கள் சோறு பரிமாறிய சஹன் தட்டுகளைச் சுற்றி ஆறாறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். இவர் இறைச்சிச் சட்டியோடு நளீமிடம் குனிந்து குத்தகைப் பேச்சை முடிக்கப் பார்த்தார். ஜுமானா முக்காட்டை இழுத்துவிட்டு நேரே அங்கே போனாள்.

“வாப்பா, சாச்சாட காணிய எடுக்க வாணாம். இனி இல தேவப்படாது. ஈஸ்டே மருந்து செய்யுது.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. முன்கோபக்காரர், சபையில் பிள்ளையை ஏசிவிடுவாரோ என்று நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப, நோயாளியளுக்குத் தட்டுப்பாடு வராதா?” என்றார்.

“வராது வாப்பா. வேணுங்கிற அளவு செய்யேலும்.”

காணிப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“துஆ கேட்டது நான்தானே. அல்லாஹ் அத ஏத்து கபூலாக்கிட்டான். நேந்தவன் நேர்ச்சச் சோத்துல ஒரு பிடியும் தின்னக் கூடாது மகள். மத்தவங்கதான் தின்னணும்.”

சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சஹனுக்குப் போய்விட்டார். காலையிலிருந்து வெறும் வயிறு அவருக்கு. குசினிக்குள் வந்து உட்கார்ந்த எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.