சிலிர்க்காத சேவல்

எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சியில் அனந்தபுரம் பக்கத்துக் கிணறுகளெல்லாம் வாய் பிளந்து கிடந்தபோது, விருத்தாசலம் தன் செவலைச் சேவலை முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டார். மறுவாரமே அவர் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. ஆடிக்குள் சேவலைக் கொடுக்காவிட்டால் ஊறினது வந்த வழியே போய்விடும் என்று அவர் சம்சாரம் அம்சா ஓயாமல் பயமுறுத்தினாள். சேவலோ அந்த நேரம் பார்த்து இறகையெல்லாம் உதிர்த்துவிட்டு, உரித்த கோழியாகத் தெருவில் மேய்ந்துகொண்டிருந்தது. இந்தக் கோலத்தில் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?

திண்டிவனம் சந்தையில் கருவாடு விற்கும் ஜெயம்மாளிடம் யோசனை கேட்டார். வெறும் கேப்பை போட்டால் வயிறுதான் ரொம்பும், இறகு முளைக்காது என்றாள் அவள். மல்லாட்டைப் புண்ணாக்கை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கை, ஊறவைத்து, கருவாட்டுத் தூளோடு பிசைந்து, முருங்கைக் கீரையும் கிள்ளிப் போடச் சொன்னாள்.

விருத்தாசலம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பங்காகப் போட்டார். இறகு முளைத்தது. முளைத்ததோடு நிற்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் சேவல் வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழைந்தது. அது சிறகு தட்டினால் முற்றத்தில் காய்ந்த கேப்பை எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் புகார் ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலில் பூசாரி பெரியதம்பி சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. சொம்பு போய்க் குடம் வந்தது. சேவல் கண்ணை மூடித் தூங்கிவிட்டது. சாமிதான் வேண்டாம் என்கிறாரா, தண்ணீர்தான் தோல்வரை போகவில்லையா என்று விருத்தாசலத்துக்குப் பிடிபடவில்லை.

குடத்துக்கு மேல் குடம் கவிழ்ந்தது. ஆடிக் காற்று வேறு. சேவலைக் கட்டிப் பிடித்திருந்த விருத்தாசலம் உச்சி முதல் பாதம் வரை சிலிர்த்தார்.

"உத்தரவு ஆயிடுச்சு," என்றார் பூசாரி.

"யாருக்கு, பூசாரி?" என்றாள் அம்சா.

பூசாரி சேவலைப் பார்த்தார். விருத்தாசலத்தைப் பார்த்தார். கையிலிருந்த கத்தியையும் பார்த்தார்.

"அதாம்மா எனக்கும் புரியல."

"நீ இதப் புடிச்சிக்கினு இரு. நான் ஜல்தியா வேட்டி மாத்திக்கினு வர்றேன்," என்று சேவலை அம்சாவிடம் கொடுத்த விருத்தாசலம், விழுப்புரத்தில் தங்கச்சி வீட்டில் போய்த்தான் வேட்டி மாற்றினார்.

ஆடி கழிந்து திரும்பி வந்தபோது சேவல் உயிரோடு இருந்தது. கிணற்றிலும் தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையவில்லை. அப்படியானால் முனீஸ்வரன் எதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. விருத்தாசலம் மட்டும் தினமும் விடிந்ததும் கை, கால், காது, மூக்கு எல்லாவற்றையும் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.