கொஞ்சம் சூடாகட்டும்

“அப்பா, பெட்டி ரெண்டு இருக்கு. பாடுற அம்மா எந்தப் பெட்டிக்குள்ள இருக்காங்க?”

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, குரல் வருகிற இடத்தைக் கைநீட்டிக் காட்டச் சொன்னார். அவள் விரல் இரண்டு பெட்டிகளையும் விட்டுவிட்டு நடுவில் இருந்த வெறும் சுவரைக் காட்டியது.

“அங்கதான் நிக்கிறாங்க.”

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். “அங்க யாருமே இல்லியே?”

“இல்லதான். ஆனா கேக்குதுல்ல?”

இப்போது அந்த வெறும் சுவருக்கு முன்னால்தான் அப்பாவைக் கிடத்த இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் போன் வந்திருந்தது. தம்பி ஸ்பீக்கரின் பின்னால் கைவிட்டு வயர்களைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினான்.

“முன்பக்கத் துணியில விரல் படாம புடிடா,” என்றாள் மகள். சொன்ன பிறகுதான் அது அப்பாவின் வாக்கியம் என்று தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிடியை மாற்றிக்கொண்டான்.

அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நேற்று சாயங்காலம் முதல் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது. யாருக்கும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. கடைசியில் அவளைச் சுற்றியே இடம் பண்ணினார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் ஊரிலுள்ள கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், சுவரில் காதை வைத்து எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர். அவர் வாழ்ந்த வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. யாராவது கேலி செய்தால், “நாள் முழுக்க அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். வீட்டுலயும் வேணுமா?” என்பார். நேற்று படியேறி வந்தவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில், தையல்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். தையல்காரர் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் விலை உயர்ந்த பொருள் என்று இருந்தது அந்தப் பாட்டு செட் ஒன்றுதான். அதை வாங்குவதற்கு முன்பே ஒரு சிடி வாங்கிவிட்டார். ஒரு பெண் பாடும் பிரார்த்தனைப் பாடல்கள். போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. “சட்டை வாங்காம பட்டன் வாங்கிட்டு வந்திருக்காரு பாரு,” என்று அம்மா ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பணம் சேர்ந்த பிறகு அந்த சிடியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போவார். ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி, அதே பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பார். கடைக்காரர் அவருக்கு ‘ஒரே பாட்டு சார்’ என்று பேர் வைத்துவிட்டார்.

நான்காவது சனிக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப்போனார். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிவிட்டு, கடைசியில் ஆளுயரப் பெட்டிகளுக்கு வந்தார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தம்பி பயந்து அழுதான். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“எனக்கு என்ன தெரியும்?” என்றாள் அம்மா. பிறகு மூலையில் இருந்த சின்னப் பெட்டிகளைக் காட்டினாள். “அதுல போட்டப்ப, பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுத்தது கேட்டுச்சு. மத்ததுல கேக்கல.”

அப்பா கடைக்காரரிடம் திரும்பி, “அதைக் கட்டுங்க,” என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், “இவ எடுத்தது. எனக்குக் காது இருந்து என்ன, நாலு வாரமா கேட்டேன், அந்த மூச்சு கேக்கலியே,” என்பார். அவருக்கு அது முதல் சனிக்கிழமையே கேட்டிருக்கும் என்று மகளுக்கு வளர்ந்த பிறகு தோன்றியது. அவரிடம் கேட்டதில்லை.

ஒரு சணல் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு அளவு, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்கு அதே அளவு. இம்மி பிசகக் கூடாது. அவ்வளவு பார்த்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்து மகள் பார்த்ததே குறைவு. அம்மாவை உட்காரச் சொல்வார். விருந்தாளி வந்தால் விருந்தாளி. அவர் வலதுபக்கப் பெட்டியின் அருகே, தரையில், சுவரில் சாய்ந்துகொள்வார்.

அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். வந்தவர்கள் யாரும் அவர் பெரிதாக ஒன்று செய்ததாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன விஷயம் இருந்தது. ஒரு அம்மாள், லிஃப்டில் தான் சிக்கிக்கொண்ட முக்கால் மணி நேரமும் அவர் கதவுக்கு வெளியே நின்று தன் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார் என்றாள். “அவருக்கு அவ்ளோ அக்கறையான்னு நெனச்சேன். நான் பயந்துடக் கூடாதுன்னு பேசியிருக்காரு.” கடவுள் வைத்திருக்கும் நோட்டில் இப்படிப்பட்டவைதான் எழுதப்பட்டிருக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

தையல்காரர் படியோரமாக நின்றிருந்தார். அவள் அருகே போனாள்.

“தண்ணி குடுக்க முடியலம்மா,” என்றார்.

“நீங்க பக்கத்துல இருந்தீங்களே மாமா. அது போதும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருபது முப்பது வருஷமா உங்கப்பா போடுற பாட்டுல எனக்குக் கீழ்ப்பாதிதான் கேக்கும். தும் தும்முனு அடி மட்டும் கூரை வழியா எறங்கும். அதுக்குத் தகுந்த மாதிரி மெஷின மிதிப்பேன்.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “ஒரே ஒரு நாள் அந்த அடி கேக்கல. நீ பண்ண வேலை,” என்றார்.

“நானா?”

“உனக்கு எட்டு வயசு. அப்பா வேலைக்குப் போயிருந்தப்ப பெட்டிக்குப் பின்னாடியெல்லாம் தூசி தொடைக்கிறேன்னு வயரக் கழட்டி நீயே திரும்ப மாட்டினே. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அப்பா கிரீஸ் கையோடு வந்து நின்றது, அவள் “நானே மாட்டினேன்” என்று பாட்டைப் போட்டுக் காட்டியது, குரல் என்னவோ அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது, எல்லாமே. “பிரமாதம்டி ஸ்க்ரூ,” என்றார் அப்பா. அவர் அவளைக் கூப்பிடும் பேர் அது. “கழட்டி மாட்டினா அப்படித்தான். கொஞ்சம் சூடாகட்டும். நாளைக்குப் பாரு.” மறுநாள் பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது குரல் நடுவில் வந்து நின்றிருந்தது.

“மறுநாள் காலைல நீ பள்ளிக்கூடம் போனதும் எங்கிட்ட டார்ச் வாங்க வந்தாரு. என்ன, வேலைக்குப் போகலியான்னு கேட்டேன். ‘ஸ்க்ரூ ஒரு வயர சிவப்புக் கிளிப்புல மாட்டறதக் கறுப்புக் கிளிப்புல மாட்டிட்டா. அப்படி ஆனா குரல் நடுவுல நிக்காது, அடியும் போயிடும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா இனிமே எதையும் தொட மாட்டா’ன்னாரு. நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.”

மகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று யாரோ தோளைத் தொட்டார்கள். அவளுக்கு வந்தது சிரிப்பு. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தப் புது மெஷின் வந்தாலும், எதைக் கழற்றி மாட்டினாலும், “தொடாதீங்க, கொஞ்சம் சூடாகட்டும்,” என்பாள். கூட வேலை செய்யும் பெண்கள் ‘சூடம்மா’ என்றே கூப்பிடுவார்கள். இத்தனை வருடமாக அது ஒரு விதி என்று நம்பியிருந்தாள். சிரிப்பு எந்த இடத்தில் மற்றதாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

உச்சி வெயிலில் அப்பாவை இறக்கினார்கள். தம்பி தலைமாட்டில் பிடித்திருந்தான். திருப்பத்தில் அவன், “மெதுவா, மெதுவா, இடிச்சிடப் போகுது,” என்றான். அந்தச் சின்னப் பெட்டிகள் ஏறிவந்த நாளில் அப்பா அதே இடத்தில் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை மகளும் தம்பியும் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கப் போனார்கள். திரும்பும் வழியில் தம்பி, “அந்த செட்டை என்னக்கா பண்றது? அம்மாவுக்கு ஸ்விட்சு போடக்கூடத் தெரியாது. பாட்டு போன்லயே கேட்டுக்கலாம்,” என்றான். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

கதவைத் திறந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

பெட்டிகள் இரண்டும் பழைய இடத்தில் இருந்தன. நடுவே தரையில் முடிச்சுக் கயிறு கிடந்தது. அம்மா நாற்காலியில், முந்தானையெல்லாம் ஒட்டடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நானே மாட்டினேன்டி,” என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

“தனியாவா தூக்கினே?”

“தூக்கல. போர்வையில வெச்சு இழுத்தேன். கயித்துல அளந்தேன். உங்கப்பா பண்றதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், இத்தன வருஷமா.” எழுந்துபோய் சிடியைப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

பாட்டு ஆரம்பித்தது. மகளுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. குரல் எங்கும் நிற்கவில்லை. தலைக்குப் பின்னால் கேட்டது, ஜன்னலில் கேட்டது, மெலிந்து அலைந்தது. அடி சுத்தமாக இல்லை. அம்மா பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள்.

“நடுவுல வரலடி.”



“அவரோடயே போயிடுச்சு போல,” என்றாள் அம்மா. குரலில் கோபமோ அழுகையோ இல்லை. “தம்பிய இத எடுத்துட்டுப் போயிடச் சொல்லு. யாருக்காவது குடுக்கட்டும்.”

தம்பி அக்காவைப் பார்த்தான். ‘வயர மாத்தி மாட்டிட்டியேம்மா’ என்ற வார்த்தை மகளின் நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

“கழட்டி மாட்டினா அப்படித்தாம்மா,” என்றாள். “கொஞ்சம் சூடாகட்டும். நீ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா, ஒட்டடை பாரு. வந்து கேளு.”

“சூடானா சரியாயிடுமா?”

“அப்பா சொல்லியிருக்காரு.”

அம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு போனாள். தம்பியை வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி கீழே அனுப்பினாள் மகள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

செட்டை அணைத்துவிட்டு, வலதுபக்கப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே குப்புறப் படுத்துக் கையை நுழைத்தாள். இரட்டை வயர், இரண்டும் ஒரே நிறம். நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் நெடுக மெல்லிய வரம்பு ஓடியது. எழுந்துபோய் இடதுபக்கப் பெட்டியில் தடவினாள். அங்கே வரம்புள்ளது சிவப்பில் இருந்தது. திரும்ப வந்தாள். இங்கே கறுப்பில். அப்பாவும் இப்படித்தான் படுத்திருப்பார், வேலைக்குப் போகிற உடுப்போடு, இரவல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. கிளிப்பை அழுத்தி இரண்டையும் உருவி, இடம் மாற்றிச் செருகினாள். இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. கடவுளே, என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, செட்டுக்கு மறுபடி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கழுவிய டம்ளர்களையே கழுவ ஆரம்பித்தாள்.

அம்மா ஈரத் தலையோடு வந்தாள். “சூடாயிருக்குமா இப்ப?”

“போட்டுப் பாரேன்.”

நாற்காலி கிரீச்சிட்டது. முதலில் அந்த மூச்சு. பிறகு குரல், சுவருக்கு முன்னால், ஆளுயரத்தில். கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. சற்றுக் கழித்து, வேறொரு வேகத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் வலதுபக்கப் பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். அங்கே சுண்ணாம்பில் அப்பாவின் முதுகளவுக்கு எண்ணெய்க்கறை மங்கலாகப் படிந்திருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு பெட்டி மட்டும்தான் கேட்டது.