கட்டுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே

அவனை இன்னமும் "டைரக்டர்" என்று கூப்பிடுகிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதுவும் கிண்டலுக்குத்தான். கல்லூரியில் கடைசி வருஷம் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதில் இவன் டைரக்டர். அதற்குப் பிறகு இவன் டைரக்ட் செய்ததெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் ஆட்களைத்தான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் பாதியில் நிற்கிறது, யார் போய்ப் பார்ப்பது என்று போனில் சொல்கிற வேலை. நல்ல வேலை. குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்துகொண்டிருந்தபோது பழைய பென் டிரைவ் ஒன்று அகப்பட்டது. டிவியில் செருகினாள். சனியன், அது வேலை செய்தது.

படத்தின் கதையைச் சொல்ல இப்போது அவனுக்கே கூச்சம். ஒரு தாய் ஜன்னலோரம் நிற்கிறாள். மகன் வரவில்லை. அவ்வளவுதான். மாணவர்கள் எடுக்கிற படமென்றால் பாதி ஜன்னல், மீதி தாய். இவர்களும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. தாயாக நடித்தது அவனுடைய அம்மாவேதான். கூலி கேட்காத நடிகை வேறெங்கே கிடைப்பாள்?

டிவியில் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்று மெல்ல, காற்றில் கரைகிற குரலில் சொன்னாள்.

மனைவி திரும்பி, சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். "அத்தை, உங்க குரல் இவ்ளோ மெல்லிசா இருக்குமா? நான் என்னமோ வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன்!"

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். டிவியைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள், இரண்டு கையையும் விரித்து இல்லை, இல்லை என்று ஆட்டினாள். வாயைத் திறந்தாள். கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் என்னங்க தப்பா சொன்னேன்?" மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"அது அம்மா குரலே இல்ல" என்றான் அவன்.

மனைவி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே டாக்டர்கள் அம்மாவின் குரல்வளையை எடுத்து, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்துவிட்டார்கள். கட்டி. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மாவும் தலையாட்டினாள். பேசுவதற்கென்று கழுத்தில் வைத்து அழுத்துகிற ஒரு கருவி கொடுத்தார்கள். அதில் வருவது மனுஷக் குரலாக இல்லை என்று ஒரே நாளில் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். அதிலிருந்து டம்ளர்தான் அவளுக்கு வாய். ஒரு தட்டு மகனுக்கு, இரண்டு தட்டு மருமகளுக்கு.

குரல் இருந்த காலத்தில் அவள் எப்படிப் பேசுவாள் என்று யாரிடமும் விளக்கவே முடியாது. தையல்காரி. மெஷின் ஓட ஓட அதற்கு மேலே பேசிப் பழகியவள். மெஷின் நின்ற பிறகும் குரல் இறங்காது. "உப்பு எடு" என்று சமையலறையில் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வந்து நிற்பார். தொலைபேசி எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று அப்பா இருந்தவரைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆபரேஷனுக்கு முந்தைய சில வருஷங்களில் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டே போனது. போனில் எடுத்த வீடியோக்களில் இருப்பதெல்லாம் அந்தக் கம்மல்தான். நல்ல குரல் எங்கேயும் இல்லை. மருமகளுக்குத் தெரிந்த மாமியார் ஒரு டம்ளர் சத்தம். இப்போது அதற்கு மேலே வேறு எவளோ ஒருத்தியின் மெல்லிசுக் குரலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா அன்றைக்குக் காப்பிக்குக்கூட டம்ளரைத் தட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவனுக்கு வேலையில் கை ஓடவில்லை. அம்மாவின் நிஜக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அவளும் கேட்டால் போதும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது. மத்தியானம் மைக்கைப் போனில் கூப்பிட்டான்.

மைக்கு என்றால் ஆள். அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவள். தன் உயரத்துக்கு மேலே ஒரு கழியில் மைக்கைக் கட்டிக்கொண்டு அலைந்ததால் அந்தப் பேர். இப்போது ரேடியோ விளம்பரங்களுக்குக் குரல் பதிகிற சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறாள்.

"நம்ம படத்தோட சவுண்ட் ஏதாவது வச்சிருக்கியா?" என்றான்.

"எந்த சவுண்டைடா கேக்கற? நம்மகிட்டதான் ஒண்ணுமே இல்லையே!"

"அந்தக் குப்பை இருக்குமில்ல."

"இருக்கு. ஞாயித்துக்கிழமை வா. கொக்கையும் கூட்டிட்டு வா, அவன் பண்ண வேலைதானே அது."

நடந்தது இதுதான். படப்பிடிப்பு இவன் வீட்டிலேயே. கேமரா பிடித்தவன் கொக்கு; நெடுநெடுவென்று உயரம், நீளக் கழுத்து. வாடகைக் கேமராவில் சத்தம் பதிகிற பாகம் கெட்டுப் போயிருந்தது, அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. சத்தம் முழுக்க மைக்கின் கையிலிருந்த சின்ன ரெக்கார்டரை நம்பித்தான். அதில் ஒரே பொத்தான். அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடும்போது சிவப்பு விளக்கு எரியும். அந்தச் சிவப்பு ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறது, என் ஃபிரேம் கெடுகிறது என்று கொக்கு குதித்து, விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டான்.

மைக்கு காலையில் சரிபார்ப்பதற்காக ஒரு தடவை அழுத்தினாள். நிறுத்த மறந்தாள். பிறகு டைரக்டர் "ஆக்‌ஷன்" என்று கத்தும்போதெல்லாம் அழுத்தினாள், அது நின்றது. "கட்" என்றதும் அழுத்தினாள், அது ஓடியது. காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் எப்போதும் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. நாள் முழுக்க இப்படி. நடிப்பு ஒரு வரிகூடப் பதியவில்லை. நடுவில் அடித்த அரட்டை ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது. எடிட்டிங் அறையில் அதைப் போட்டுக் கேட்டபோது மூன்று பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படத்தை ஒப்படைக்க நாள் இல்லை. அம்மாவோ உடம்பு சரியில்லாத பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போயிருந்தாள். கொக்கின் சித்தப்பா பெண் நாடகத்தில் நடிப்பவள். அவளைக் கூட்டிவந்து அம்மாவின் உதட்டுக்குப் பேசவைத்தார்கள். திரையிட்ட அன்றைக்குத் தன் வாயிலிருந்து யாரோ பேசுவதைப் பார்த்து அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். "போகட்டும்டா, அவ என்னைவிட நல்லாதான் பேசறா" என்றாள். சத்தமாக. அரங்கம் திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஸ்டூடியோவில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். கொக்கு இப்போது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கடை வைத்திருக்கிறான். முடி கொட்டிவிட்டதால் கழுத்து இன்னும் நீளமாகத் தெரிந்தது. பார்த்தும் பேசியும் ரொம்ப நாளாகியிருந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் பிழைக்கப் போனதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

"டேப்பு ஒட்டினது தப்புதான், ஒத்துக்கறேன்" என்றான் கொக்கு. "ஆனா ஃபிரேம் சுத்தமா இருந்துச்சுல்ல?"

"வாயை மூடு, போடறேன்" என்றாள் மைக்கு.

முதலில் நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு அறையே நிறைகிற மாதிரி அவள்.

"ஜன்னல் வழியா எதைடா பாக்கணும்?"

"எதிர்காலத்தைப் பாரும்மா." அவனுடைய சின்ன வயதுக் குரல். எவ்வளவு திமிர்.

"எதிர்ல தண்ணித் தொட்டிதான்டா இருக்கு!"

அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் பாதி தப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. நிஜக் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு இருந்தது, கேள்வியின் கடைசியில் ஒரு தூக்கல் இருந்தது. அதை அவன் மறந்தே போயிருந்தான். மறந்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவனுக்கு அழுகை வந்தது.

துண்டு துண்டாக ஓடியது. அம்மா கொக்கிடம் கேட்டாள், "தம்பி, எப்பதான் சாப்பிடுவ, எலும்பும் தோலுமா இருக்கியே?" மைக்கிடம், "கை வலிக்கலையாம்மா, அந்தக் கழியைக் கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டா?" ஒரு இடத்தில் எதற்கென்றே தெரியாமல் நால்வரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி எதற்குச் சிரித்தோம் என்று மூன்று பேரும் யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்க விட்டால் போதும், படம்கூட வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அம்மா கேட்பாள்: "ஏன்டா, நான் சரியா நின்னேனா?" உடனே அவன் குரல் குறுக்கே வரும்: "ரெடி, ரெடி, எல்லாரும் சைலன்ஸ்! ஆக்‌ஷன்!" டக். அதோடு நின்றுவிடும். அடுத்த துண்டு. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் ரெடி, ரெடி.

"நீ ஒரு தடவைகூட பதில் சொல்லலையேடா" என்றாள் மைக்கு. குற்றமாகச் சொல்லவில்லை.

"டைரக்டரு அப்ப வேற ஒலகத்துல இருந்தாரு" என்றான் கொக்கு. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

கிளம்பும்போது மைக்கு எல்லாவற்றையும் அவன் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "அம்மாகிட்ட மெதுவா போட்டுக் காட்டு. சட்டுன்னு கேட்டா தாங்கமாட்டாங்க" என்றாள். அவன் சரியென்றான்.

மெதுவாக எங்கே? வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அம்மாவின் அறைக்குப் போனான். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து மருமகளின் ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்திலும் தையலை நிறுத்தவில்லை. மனைவியையும் கூப்பிட்டான். மெஷின் பலகையின் மேல் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போட்டான்.

"ஜன்னல் வழியா எதைடா பாக்கணும்?"

அம்மாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அத்தை! இதுவா உங்க குரலு? வீடே அதிருதே!" என்று சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போ தெரிஞ்சுதா என்கிற மாதிரி மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்தப் பெருமையை அவள் முகத்தில் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

முடிந்ததும் விரலைச் சுழற்றினாள். மறுபடி போடு. போட்டான். மறுபடியும் சுழற்றினாள். போட்டான். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவைதான் கவனித்தான், அம்மாவின் உதடு அசைந்தது. முதலில் ஒரு வார்த்தை பின்தங்கி, பிறகு சேர்ந்து. தண்ணித் தொட்டி என்றபோது சரியாகத் தண்ணித் தொட்டி. கை வலிக்கலையாம்மா என்றபோது புருவம்கூட உயர்ந்தது. அவள் வாயும் அவள் குரலும் அந்தப் படத்தில் ஒரு நிமிஷம்கூடச் சேரவில்லை; இப்போது மெஷினுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில், பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டன. அம்மா பேசுகிறாள் என்றே அவனுக்குத் தோன்றியது.

துண்டின் கடைசி வந்தது. அம்மா ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுத்து நேராக அவனைப் பார்த்தாள்.

"ஏன்டா, நான் சரியா நின்னேனா?"

"ரெடி" வருவதற்குள் அவன் பாய்ந்து போனை நிறுத்தினான். அம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"நீ நல்லா நின்னேம்மா" என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது.

அம்மா காதருகே கையைக் குவித்தாள். கேக்கலையே. அவளுக்குக் கேட்டிருந்தது, நன்றாகவே கேட்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"நீ நல்லா நின்னேம்மா!" என்று அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.