துரும்பு கிள்ளிய பிறகு

வீராசாமியைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பாடைக்குத் தூக்கப் போகிற நேரத்தில்தான் அவலூர்பேட்டையிலிருந்து ஆண்டாள் வந்து சேர்ந்தாள். ஒப்பாரி பாதியாகக் குறைந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனிமேல் நன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆண்டாள் அவனுடைய முதல் பெண்சாதி. ஒத்து வராமல் போகவே, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பை ஆளுக்குப் பாதியாகக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். அவள் அவலூர்பேட்டையில் ஒரு செக்குக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவன் கமலாம்பாளைக் கட்டிக்கொண்டான். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் எட்டு வருஷமாகக் கமலாம்பாள் நினைத்திருந்தாள்.

காலையில் மாலையோடு வந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ராமகிருஷ்ணன் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டார்.

"பாலிசியில ஆண்டாள் பேருதாம்மா இருக்குது. பணம் அவங்க கைக்குத்தான் போவும்."

"அதான் துரும்பு கிள்ளிப் போட்டாச்சே!" என்று நாத்தனார் செல்லம்மாள் பாய்ந்தாள்.

"ஊருக்கு அது போதும். ஆபீசுக்குத் துரும்பு தெரியாதும்மா. பேர மாத்தி எழுதிக் குடுத்திருக்கணும். நானும் எத்தினியோ தடவ சொன்னேன். ஆவட்டும், பாக்கலாம்னாரு."

வீராசாமி நிலக்கடலை மண்டியில் எடை போடுகிறவன். முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பணமும் இல்லையென்றால் கமலாம்பாளுக்கு வாடகை வீடும் நான்கு வயதுப் பெண்ணும்தான் மிச்சம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வேறொன்று உள்ளே அரித்தது. மனுஷன் சோம்பேறி இல்லை. எடையில் ஒரு கைப்பிடி குறைந்தாலும் மண்டி முதலாளியோடு மல்லுக்கு நிற்பவன். ஒரு பேரை மாற்ற மட்டும் ஏன் அவனுக்குக் கை வரவில்லை? மறந்துவிட்டானா, மறக்கவே இல்லையா?

ஆண்டாள் அழவில்லை. தலைமாட்டில் குனிந்து, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை இடது காதோரம் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். அந்தக் காதில் அவனுக்கு அடிக்கடி வலி வரும். அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று கமலாம்பாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பறை முழங்க, ஆண்கள் அவனைச் சங்கராபரணி ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஈரப் புடவையோடு பாயில் உட்கார்ந்த கமலாம்பாளின் தொடையைச் செல்லம்மாள் கிள்ளினாள்.

"கேளுடி. அவ போய்ட்டான்னா புடிக்க முடியாது."

ஆண்டாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும்."

"பணந்தானே? ஏஜெண்டு சொன்னாரு."

"அது இல்ல. அவரு ஏன் உன் பேர மாத்தல?"

செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆண்டாள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வருசம் சந்தைக்கு வந்தப்ப எங்க கடைக்கு வந்தாரு. 'உன் பேர எடுத்துடட்டுமா'ன்னாரு. 'எடுத்துக்கோ, என்ன எதுக்குக் கேக்குற'ன்னு சொல்லியிருக்கணும். வாயில வரல. 'எடுத்தா கஷ்டமா இருக்கும்'னு சொல்லிட்டேன். சும்மா சொன்னதுதான். அந்த மனுசன் அதப் புடிச்சிக்குவாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

கமலாம்பாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள்மேல் அல்ல. ஆற்றங்கரைக்கு ஓடி, அவனை எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. இவளுக்குக் கஷ்டமா இருக்குமான்னு கேட்டியே, எனக்கு இருக்குமான்னு கேட்டியா?

"பணம் எனக்கு வேணாம் கமலா," என்றாள் ஆண்டாள். "வந்ததும் எடுத்தாந்து உன் கையில குடுத்துடறேன். மலையனூர் அங்காளம்மா மேல சத்தியம்."

செல்லம்மாள் பெரிதாக மூச்சு விட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கமலாம்பாள் அந்தச் சத்தியத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்பறம் இன்னா பேசுனாரு?"

"எப்ப?"

"அன்னிக்கு. உன் கடையில."

"உன்னப் பத்திதான். மொச்சக்கொட்ட போட்டு நீ வெக்கிற கருவாட்டுக் கொழம்பு மறுநாளு இன்னும் ருசியா இருக்குமாம். அதுக்குன்னே ராத்திரி நெறைய ஊத்திக்காம மிச்சம் வெச்சிடுவாராம். கொழம்புன்னா அதான் கொழம்புன்னாரு. எனக்கு எரிச்சலா இருந்துச்சு."

எட்டு வருஷம். சட்டியில் குழம்பு மிச்சமான ராத்திரியெல்லாம் பிடிக்காமல்தான் வைக்கிறான் என்று கமலாம்பாள் நினைத்திருந்தாள். காலையில் பழைய சோற்றுக்கு அதையே ஊற்றச் சொன்னால், வேறு இல்லாததால் கேட்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அவனும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆண்டாள் பையை எடுத்தாள். "நேரமாவுது. வரேன்னு சொல்லக் கூடாது. கெளம்பறேன்."

கமலாம்பாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டாள்.

"குந்து அக்கா. வேற இன்னா சொன்னாரு?"