ஜக்கம்மாவின் முறைநீர்

காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே இருந்த தொழிற்பள்ளியில் பாலம் கட்டுவதையும் மதகு வைப்பதையும் பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தே படித்துவந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கிடந்த தரிசில் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக்களம் வேண்டும், மாணவர்கள் தாங்களே வாய்க்கால் வெட்டி, கப்பி கட்டிக் கல் தூக்கிப் பழக வேண்டும் என்பது ஆசிரியர் சுந்தர்ராஜின் ஆசை. திட்டம் போடும் வேலையை மாலை வகுப்பு மாணவன் சுருளியாண்டியிடம் கொடுத்திருந்தார். எதையும் மூன்று தரம் அளப்பவன் அவன். நாலாவது தரம் தன் கையையே சந்தேகப்படுவான்.

பார்வையிட ஜில்லா போர்டிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. படத்தை மட்டும் காட்டினால் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் மாதிரிக்கு ஒரு சிறு வாய்க்காலும், அதன் முடிவில் ஒரு மரச்சக்கரமும் செய்தார்கள். தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றினால் களம் கிடைக்கும். இல்லையென்றால் பழையபடி பெஞ்சுதான்.

ஊர் வாய்க்காலில் வீட்டுக்கு ஒரு நாள் முறை. பள்ளி நிலத்துக்கும் ஒரு நாள் உண்டு. சுருளியாண்டி எண்ணிப் பார்த்து வியாழன் என்றான். அன்றைக்கே போர்டார் வந்தார்கள்.

அவன் மடையை வெட்டிவிட்டான். தண்ணீர் புது வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு இறங்கியது. போர்டார் குடையை மடக்கிவிட்டுக் கிட்டே வந்தார்கள். அப்போது வரப்பில் மம்பட்டியோடு ஜக்கம்மா வந்தாள்.

"மடைய வெட்டுனது யாரு?"

"நான்தான் அத்த. இன்னைக்குப் பள்ளிக்கூடத்து முறை."

"எம் முறைடா இன்னைக்கு."

"மூணு தரம் எண்ணிருக்கேன் அத்த. தப்பு வராது."

ஜக்கம்மா மம்பட்டியைத் தரையில் ஊன்றினாள். "ஞாயித்துக்கெழம ஊருல எவனாச்சும் மடையத் தொட்டானா? எங்க மாமனாரத் தோள்ல தூக்கிட்டுப் போனவன்தானே நீ? அந்த நாளு எங்கன போச்சு மருமகனே, உன் கணக்குல?"

ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். சிறு பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். சுருளியாண்டி கணக்கைச் சாவுக்கு முன்பே போட்டு முடித்திருந்தான். பாடை தூக்கிவிட்டு வந்து குளித்த ஈரத்தலையோடு, வாய்க்காலின் சரிவைத்தான் மறுபடி அளந்தான்.

"உங்க மாமா மொட்டையடிச்சு மூலையில உக்காந்துருக்காக. தீட்டுக்காரி நான் மம்பட்டி தூக்கி வந்துருக்கேன். நாத்து கருகுது" என்றாள் அவள்.

"கொஞ்ச நேரந்தானேம்மா, ஓடட்டுமே" என்றார் போர்டாரில் ஒருவர்.

ஜக்கம்மா அவர் பக்கம் திரும்பாமல் சுருளியாண்டியையே பார்த்தாள். தண்ணீர் சக்கரத்துக்கு இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடிக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று பட்டதும் உடம்பு கூசியது. மண்ணை வாரி மடையை அடைத்தான். புது வாய்க்காலில் நின்ற தண்ணீரை மணல் குடித்தது.

போர்டார் படத்தைச் சுருட்டிக் கொடுத்தார்கள். "தண்ணி வசதியில்லாத எடம். பின்னால பாப்போம்."

சுந்தர்ராஜ் அவர்களை வண்டிவரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். "நாளைக்கு நம்ம முறைதானேப்பா? சக்கரத்தை ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"வேணாம் சார். அவுக வயலுக்கே போகட்டும்."

மறுநாள் பள்ளி மடையை அவன் திறக்கவில்லை. தண்ணீர் அதைத் தாண்டி ஜக்கம்மாவின் நாற்றங்காலுக்குப் போயிற்று. அவள் வரப்பில் நின்று பாய்ச்சிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான். அவன் கூப்பிடவில்லை. மாலையில் வகுப்புக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். சுந்தர்ராஜ் கரும்பலகையில் மதகின் படத்தைப் போட ஆரம்பித்தார். முன்பெஞ்சுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.