தளபதி குடிக்காத காப்பி

ஒரு வங்கி தன் கணக்குகளையெல்லாம் கிளவுட்டில் ஏற்றுவதென்றால், அதாவது வேறொரு கம்பெனியின் கணினிகளில் வாடகைக்குக் குடிவைப்பதென்றால், எந்தக் கம்பெனி என்பதை மூளையுள்ளவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் எதிர்வீட்டு அபூ நாயிஃபும் ஒரு வங்கித் தலைவர்தான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூளை இருந்தது லுப்னாவிடம். எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவள். அதே வங்கியில் தகவல் பாதுகாப்பு அவள் பொறுப்பு. தாமிர் என்பவன் விற்க வந்த கிளவுட்டைச் சோதிக்க, ஒரு வாரக் கணக்கின் நகலை அதில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கேட்டாள். ஏறியது, இறங்கவில்லை. இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்றான் தாமிர். ‘உள்ளே போக வாசல் இருக்கிறது, வெளியே வர இல்லை. இது வேண்டாம்’ என்று அறிக்கை எழுதிவிட்டாள்.

தாமிர் அசரவில்லை. ஜோர்டானில், இந்த அம்மான் நகரில் பிறந்து வளர்ந்தவனை அறிக்கை என்ன செய்யும்? ஜாஹா கூட்டினான். பெண் கேட்கவும் கொலைப்பகை தீர்க்கவும் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு போவோமே, அதே ஜாஹா. தலைமை, ஊரே மரியாதையாகப் பாஷா என்றழைக்கும் ஓய்வுபெற்ற தளபதி ஒருவர். எந்தப் போரையும் பார்க்காதவர். ஜாஹாவில் மட்டும் தோற்றதே இல்லை. வாசலில் கார்கள் வரிசைகட்டியதைப் பார்த்ததும் அபூ நாயிஃபின் மனைவி மகளுக்கு அவசரமாக நகை பூட்டினாள். நாற்காலி நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

காப்பி வந்தது. தளபதி கோப்பையை வாயருகே கொண்டுபோகாமல் கீழே வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்ட முடியாது.

“அபூ நாயிஃப், நாங்க ஒரு காரியமா...”

“காப்பியைக் குடிங்க பாஷா! வந்த காரியம் முடிஞ்சாச்சு!”

“என்ன காரியம்னு நீ கேக்கவே இல்லையே?”

“நீங்க என் வீட்டுப் படி ஏறினீங்களே, அது போதும்!”

தளபதி குடித்தார். பிறகுதான் காரியத்தைச் சொன்னார்: வங்கியின் கணக்கெல்லாம் தாமிரின் கிளவுட்டுக்கு. உள்ளே நகைகள் கழற்றப்படும் சத்தம் கேட்டது.

மறுநாள் அபூ நாயிஃப் லுப்னாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை அவள் மாடிப்படியில் என் மனைவியிடம் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“வேண்டாங்கிறதை வேணும்னு மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடும்மா. ஆம்பளைங்க நடுவுல வாக்குக் கொடுத்துட்டேன்.”

“நாளைக்குக் கணக்கெல்லாம் அங்க மாட்டிக்கிட்டா மத்திய வங்கி யாரைப் பிடிக்கும் சார்?”

“கையெழுத்துப் போட்டவங்களை. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?”

போட்டால் என்றாவது ஒருநாள் சிறை. போடாவிட்டால் இப்போதே வேலை போகும். லுப்னா அழவில்லை. தாய்மாமனுக்கு போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அதே வாசலில் மறுபடியும் கார்கள். இது லுப்னாவின் ஜாஹா. தாய்மாமனுக்குப் பக்கத்தில், தலைமையிடத்தில், அதே தளபதி! கார் அனுப்பி, முடிந்ததும் கனாஃபா இனிப்பு உண்டு என்று சொன்னால் அவர் யாருக்காகவும் வருவார்.

காப்பி வந்தது. கோப்பை கீழே போனது. அபூ நாயிஃப் இம்முறை உஷார்.

“முதல்ல காரியத்தைச் சொல்லுங்க பாஷா.”

“சின்ன விஷயம்ப்பா. அந்த அறிக்கையை மாத்தணும்னா மாத்திக்க. பொண்ணு பேரு வேண்டாம். உன் பேரைப் போட்டு நீயே கையெழுத்துப் போடு.”

அபூ நாயிஃப் கம்பளத்தைப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“போன தடவை கேக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்தாரு, இப்பக் கேட்டும் யோசிக்கிறாரு” என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

“கு... குடிங்க பாஷா.”

ஒரே மடக்கு.

தன் பெயர் விழப்போகிறது என்றதும் அபூ நாயிஃப் லுப்னாவின் அறிக்கையை முதல் தடவையாகப் படித்தார். அதற்காகவே புதுக் கண்ணாடி வாங்கினார் என்று கேள்வி. பிறகு தாமிரைக் கூப்பிட்டார்.

“அந்த ஒரு வாரக் கணக்கைக் கொண்டாப்பா. அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போட்டுடறேன்.”

தாமிர் இன்னும் கொண்டுவந்துகொண்டே இருக்கிறான். வாக்கு தவறவில்லை, பேனாதான் திறக்கவில்லை. லுப்னா தன் நாற்காலியில் இருக்கிறாள். போன வாரம் அபூ நாயிஃப் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்: கிளவுட் விஷயத்தில் எங்கள் வங்கி யாருடைய சிபாரிசுக்கும் மசிவதில்லை, எல்லாவற்றையும் சோதித்துத்தான் எடுப்போம் என்று. படத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தார்.